அண்ணன் லாட்ஜுக்கு நெட்வொர்க் கார்டு பார்த்த கதை

நான் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்பது உண்மைதான். ஆனால் அங்கே நான் செய்வது, மற்றவர்கள் எழுதிய மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதுவது மட்டுமே. 'சேமி என்ற பொத்தானை அழுத்தினால் உங்கள் கோப்பு சேமிக்கப்படும்' என்பது மாதிரியான வாக்கியங்களை எழுதித்தான் பிழைக்கிறேன். இந்த வித்தியாசத்தை எங்கள் குடும்பத்துக்குப் புரியவைக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன். திருப்போரூர் பக்கத்து எங்கள் ஊரில் யார் வீட்டு பிரிண்டர் மக்கர் பண்ணினாலும், டிவியில் படம் தெரியாவிட்டாலும், சித்தப்பா பாஸ்வேர்டை மறந்தாலும், கேளம்பாக்கத்தில் இருக்கும் எனக்குத்தான் போன் வரும்.

அதனால் அண்ணன் கூப்பிட்டு, "பாப்பா, நெட்டு புட்டுக்கிச்சி" என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அண்ணன் பல வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டினான். அப்புறம் அண்ணி விடாமல் சொல்லிச் சொல்லி, மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில் சின்னதாக ஒரு லாட்ஜ் கட்டினான். மொட்டை மாடியின் ஒரு மூலையில் நின்று கழுத்தை நீட்டினால் கடல் தெரியும். போர்டில் 'கடல் காட்சி' என்றுதான் எழுதியிருக்கிறது. முன்பெல்லாம் சிலை பார்க்க வருபவர்கள் ஒரு நாள் தங்கிவிட்டுப் போவார்கள். இப்போது லேப்டாப்போடு வந்து, கடற்கரையில் இருந்தபடியே ஆபீஸ் வேலை செய்கிறேன் என்று வாரக்கணக்கில் தங்குகிறார்கள். இவர்களுக்கு வெந்நீர் வராவிட்டால்கூடப் பரவாயில்லை. நெட்டு நின்றால் படியிறங்கி வந்துவிடுவார்கள்.

லாட்ஜில் இரண்டு இணைப்பு இருந்தது. ஒன்று பெரிய கம்பெனியின் ஃபைபர். இன்னொன்று, அது போனால் இருக்கட்டும் என்று அந்தத் தெருவின் கேபிள்காரரிடம் வாங்கியது. முதலாவது நின்றுபோனால் அண்ணன் ஓடிப்போய் மாடிப்படிக்கு அடியில் குனிந்து ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொன்றைச் சொருக வேண்டும். அவனுக்கு முதுகுவலி. ஃபைபர் கம்பெனி கொடுத்த ரூட்டர் பெட்டியோ, ரூம் எல்லாம் நிரம்பினால் தலை சுற்றி நின்றுவிடும்.

அந்த நேரம் பார்த்து நான் ஒரு திறந்தமூல ரூட்டர் மென்பொருளின் விளக்கக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதைப் போட்டால் அது பெரிய ஆபீஸ் ரூட்டர் மாதிரி வேலை செய்யும். ஒரு இணைப்பு போனால் தானே அடுத்ததற்கு மாறிக்கொள்ளும். அந்தக் குறிப்பு அவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தது. நல்ல சமையல்காரர் அடுத்தவர் வைத்த ரசத்தில் மயங்குவாரே, அந்த மாதிரி மயங்கிவிட்டேன்.

"நானே ஒரு ரூட்டர் செஞ்சி தரேண்ணா. ஆபீஸ்ல கழிச்சிப் போட்ட கம்ப்யூட்டர் ஒண்ணு என்கிட்ட இருக்குது. சாஃப்ட்வேர் இலவசம்."

"ஓசியா?"

"ஓசிங்கறது முக்கியமில்ல. உள்ள எப்படி எழுதியிருக்காங்கன்னு யாரு வேணா தொறந்து பாக்கலாம்."

"நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு அத்த எங்கிட்ட சொல்ற?"

ஆனாலும் ஒப்புக்கொண்டான். அவனுக்கு என்மேல் நம்பிக்கை உண்டு. அல்லது அவன் முதுகு அவ்வளவு வலித்திருக்க வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர் ஒல்லியானது, நிமிர்த்தி வைத்தால் தடித்த அகராதி மாதிரி இருக்கும். ஒயர் சொருக ஒரே ஒரு ஓட்டைதான். எங்களுக்குத் தேவை மூன்று: வெளியிலிருந்து வரும் இரண்டு இணைப்புக்கு இரண்டு, லாட்ஜுக்குள் போவதற்கு ஒன்று. ஆகவே இரண்டு ஓட்டை உள்ள ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கி உள்ளே பொருத்த வேண்டும். இது ஒரு விஷயமே இல்லை என்று நினைத்தேன்.

பொத்தேரியில் காலேஜ் மாணவர்களுக்காகவே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் செல்போன் கவரை ஒருவருக்குக் காட்டிக்கொண்டே இடது கையால் ஒரு பெட்டியை எடுத்துப் போட்டார்.

"இதுல என்ன சிப் இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"நல்ல சிப்புக்கா."

"பேரு?"

அவர் பெட்டியைத் திறந்தார். சிப்பின் மேல் அதன் பெயரை மறைத்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தார். பாதிப் பெயர் வந்தது. "எல்லாத்துக்கும் செட் ஆவும்க்கா. டி.வி.க்குக் கூட செட் ஆவும்," என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாதிப் பெயரை விளக்கக் குறிப்பில் தேடினேன். 'இந்தச் சிப் உள்ள கார்டுகள் பொதுவாக வேலை செய்யும்' என்று இருந்தது. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். நானும் என் வேலையில் 'பொதுவாக' என்று எழுதுகிறவள்தான். யாரும் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் சொல் அது.

ஆனால் கார்டு அந்த ஒல்லிக் கம்ப்யூட்டருக்குள் அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. மென்பொருள் அதைக் கண்டுகொண்டது. என் போனை இணைத்துப் படம் பார்த்தேன். தங்குதடையில்லாமல் ஓடியது. அடுத்த சனிக்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மாமல்லபுரம் போய் மாடிப்படிக்கு அடியில் நிறுவினேன். அண்ணன் சந்தோஷத்தில் கற்பூரம் காட்டினான். காட்டிவிட்டு, "இந்தப் பெட்டி நம்ம லாட்ஜு பேரச் சொல்லுமா?" என்று கேட்டான். அவன் ஆசைக்காக, யார் வைஃபையில் சேர்ந்தாலும் முதலில் ஒரு வரவேற்புப் பக்கம் வரும்படி செய்தேன். லாட்ஜ் பெயர், கடற்கரைப் படம், 'வருக, உங்கள் அறை எண்ணைக் குறிப்பிடுக' என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தை அவன் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தான்.

மறுநாள் காலை போன்.

"பாப்பா, உன் ரூட்டரு நாஸ்தா டைமுல படுத்துக்குது."

காலையில் எல்லோரும் எழுந்து, இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு, ஒரே சமயத்தில் மீட்டிங்கில் உட்காருகிறார்கள். அந்தக் கணமே கார்டு மூச்சை நிறுத்திவிடுகிறது. அணைத்துப் போட்டால் உயிர் வருகிறது. மறுபடியும் கூட்டம் சேர்ந்தால் மறுபடியும் போகிறது. தேடிப் பார்த்தபோது, அந்தச் சிப்பால் என்னை மாதிரியே அவதிப்பட்டவர்கள் உலகமெங்கும் இருப்பது தெரிந்தது. சிப்பு தனியாகக் கெட்டதல்ல. இந்த மென்பொருளில் அதை ஓட்டும் டிரைவர் என்கிற துணை நிரல் அரைகுறை.

"டிரைவர் சரியில்லண்ணா" என்று விளக்கினேன்.

"அப்ப டிரைவர மாத்து."

"இதுக்கு நல்ல டிரைவரே கிடையாது. கார்டைத்தான் மாத்தணும்."

அண்ணன், "நான் இத்தினி வருசம் வேன் ஓட்டினேன். டிரைவர் சரியில்லன்னு வண்டிய மாத்தினவன எங்கனா பாத்துகிறியா?" என்றான்.

இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு கூடம் இருக்கிறது. அங்கே போய் என் நிலைமையை எழுதினேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பழைய சர்வர்களிலிருந்து கழற்றி விற்கும், இன்ன சிப் உள்ள கார்டை வாங்கு. அதற்கு டிரைவர் பக்கா. ஆனால் ஜாக்கிரதை, அதில் போலி நிறைய. அசலையும் போலியையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதுதான் தாமதம், ஆளுக்கு ஆள் படம் அனுப்ப ஆரம்பித்தார்கள். எழுத்து எங்கே தடிமனாக இருக்க வேண்டும், பச்சைப் பலகை எந்தப் பச்சையாக இருக்க வேண்டும், சாலிடர் எப்படி மின்ன வேண்டும். இரண்டு பேர் அந்தப் பச்சையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவர் என்னை மறந்தே போனார்.

பழைய சர்வர் சாமான் விற்கும் ஒருவரை ஆன்லைனில் பிடித்தேன். முன்பக்கம் ஒரு போட்டோ கேட்டேன். பின்பக்கம் கேட்டேன். சாய்வாக வெளிச்சம் படும்படி ஒன்று கேட்டேன். அவரிடமிருந்து செய்தி வந்தது: 'மேடம், உங்களுக்கு கார்டு வேணுமா, ஆல்பம் வேணுமா?'

அந்த வாரம் லாட்ஜில்தான் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மா பாக்கற?"

"இந்தக் கார்டு நம்ம மென்பொருளுக்குப் பொருந்துமா, நம்ம கம்ப்யூட்டருக்குப் பொருந்துமா, அசலா போலியான்னு பாக்கறேன் அண்ணி."

"இத்தினி பொருத்தம் எனக்குப் பாக்கலியே," என்றாள் அண்ணி. அண்ணன் பக்கத்தில்தான் இருந்தான். எழுந்து தண்ணீர் மோட்டார் போடப் போனான்.

கார்டு வந்தது. அதை லாட்ஜ் விலாசத்துக்கே அனுப்பச் சொல்லியிருந்தேன். அதற்குள் லீவு முடிந்து நான் கேளம்பாக்கம் திரும்பியிருந்தேன். அண்ணன் பிரித்து வீடியோவில் காட்டினான். அசல்தான். அந்தப் பச்சைதான். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் அவன் அதைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பிடித்தான். கார்டின் ஓரத்தில் ஒரு இரும்புத் தகடு இருக்கும், ஓட்டைகள் வெளியே தெரிய அதுதான் பிடிமானம். பெரிய சர்வருக்காகச் செய்த தகடு அது. எங்கள் ஒல்லிக் கம்ப்யூட்டரை விட உயரம். உள்ளே வைத்தால் மூடி மூடாது. சிப் பார்த்தேன், டிரைவர் பார்த்தேன், பச்சையைக்கூடப் பார்த்தேன். உயரத்தைப் பார்க்கவில்லை.

"குட்டித் தகடு தனியா விக்கும்ணா. வாங்கிக்கலாம். நீ ஒண்ணும் பண்ணாத."

"சரி," என்றான். எந்தத் தயக்கமும் இல்லாமல் 'சரி' என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

லாட்ஜை ஒட்டினாற்போல ஒரு சிற்பியின் பட்டறை இருக்கிறது. காலை முதல் சாயங்காலம் வரை கல் அறுக்கும் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். லாட்ஜ் விருந்தாளிகளின் மீட்டிங்குகளில் எல்லாம் அந்தச் சத்தமும் கலந்துகொள்ளும். சனிக்கிழமை நான் பஸ்ஸில் திருப்போரூரைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்கு போன் செய்தேன். அந்தப் பக்கம் மிஷின் சத்தம் வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்டது.

"எங்கண்ணா கீற?" பதற்றத்தில் எனக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"சிற்பியண்ணாத்த பட்டறைல."

"கார்டு மேல கைய வெக்காத."

"நான் கைய வெக்கலமா. அவரு மிஷினுதான் வெச்சிகினுகீறாரு."

பஸ்ஸில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கும்படி ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து, பட்டறைக்குள் நுழைந்தபோது, அரை உடம்பு வெளிவந்த ஒரு பிள்ளையாரின் மடியில், செய்தித்தாள் விரித்து, என் கார்டு பத்திரமாக உட்கார்ந்திருந்தது. தகட்டை மட்டும் கழற்றி எடுத்துத்தான் வெட்டியிருந்தார்கள். சிற்பி தகட்டை ஊதி, துணியால் துடைத்து, என் கையில் கொடுத்தார். நிதானமான மனிதர்.

வெட்டு அருமையாக இருந்தது. ஓரம் எல்லாம் மழமழவென்று தேய்த்திருந்தார். அதோடு, இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவில் ஒரு சின்னத் தாமரை.

"இது எதுக்குண்ணா?" என்று சிற்பியைக் கேட்டேன்.

"அங்க நம்பரு மாதிரி ஏதோ கிறுக்கி இருந்துச்சி மா. பாக்க நல்லா இல்ல. தேச்சிட்டு ஒரு பூ போட்டேன்."

எந்த ஓட்டை முதலாவது, எது இரண்டாவது என்பதைச் சொல்ல அந்தத் தகட்டில் இருந்த ஒரே அடையாளம் அந்த நம்பர்தான். ஆனால் கார்டு உயிரோடு கிடைத்த சந்தோஷத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே பழைய கார்டைக் கழற்றி, தாமரைக் கார்டைப் பொருத்தினேன். மூடி மூடியது. ஃபைபர் ஒயர் கம்ப்யூட்டரின் சொந்த ஓட்டையிலேயே இருந்தது. மென்பொருள் இரண்டு ஓட்டைகளையும் கண்டுகொண்டு, எது கேபிள்காரருடையது, எது லாட்ஜுக்குள் போவது என்று கேட்டது. மேலே இருப்பதுதான் முதலாவதாக இருக்கும் என்று முடிவு செய்து ஒயர்களைச் சொருகினேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் கரண்ட் போய், உடனே வந்தது. எங்களுக்கு இன்வெர்ட்டர் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் லாட்ஜில் நெட் வரவில்லை. வைஃபையில் யாராலும் சேரவே முடியவில்லை. நான் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து மென்பொருளின் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விநோதம் என்னவென்றால், அதன் கணக்குப்படி நிறையப் பேர் நெட்டில் இருந்தார்கள். ரூம் நம்பர் போட்டு உள்ளே வந்திருந்தார்கள். லாட்ஜில் இல்லாத நம்பர்களெல்லாம் இருந்தன.

முதலில் வந்தவர் எதிரே சங்கு, கிளிஞ்சல் பொம்மை விற்கும் கடைக்காரர்.

"இன்னா அண்ணாத்த, என் வூட்டு டி.வி. ரூம் நம்பர் கேக்குது?"

அண்ணனுக்குப் புரியவில்லை. "டி.வி.யா? எந்த ரூம் நம்பரு?"

"உன் லாட்ஜு பேரு போட்டு, வருகன்னு போட்டு கேக்குது. நானும் சும்மா ஏழுன்னு போட்டேன். நெட்டு பிச்சிகினு போவுது."

அடுத்து சிற்பியின் மகள் வந்தாள். அவர்கள் வீட்டிலும் அதே. அதற்கடுத்து, தெருக்கோடியில் எங்களுக்குப் போட்டியாக லாட்ஜ் நடத்துபவர் வந்தார். அவர் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார். "என் ஓட்டல்ல தங்கினு கீறவன் போன்ல உன் ஓட்டல் பேரு வருது. இது நல்லா இல்ல," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒயர்கள் மாறியிருக்கின்றன. லாட்ஜுக்குள் போகவேண்டியதை, தெரு வீடுகளுக்கெல்லாம் பொதுவான கேபிள்காரரின் ஒயரில் கொடுத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் தெருவில் உள்ள வீட்டுப் பெட்டிகளெல்லாம் கண் விழித்து, நெட்டில் சேர எனக்கு ஒரு முகவரி கொடுங்கள் என்று கேட்டிருக்கின்றன. கேபிள்காரரின் மிஷின் வாயைத் திறப்பதற்குள் எங்கள் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு எல்லோருக்கும் முகவரி கொடுத்து, வருக என்று கூப்பிட்டுவிட்டது. கேபிள் வாங்கியிருந்த தெரு முழுக்க அண்ணனின் ஃபைபரில் படம் பார்த்துக்கொண்டிருந்தது. லாட்ஜில் தங்கியிருந்தவர்களுக்கு மட்டும் இல்லை.

அண்ணனைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

"தெரு முழுக்க நம்ம பேரு வருதா?"

"வருது. வரக்கூடாதுண்ணா."

"கடற்கரை படம் வருதா?"

"வருது."

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"ஐயோ, கேபிள்காரருக்குத் தெரிஞ்சா என்னாகும்?"

தெரிந்துதான் வந்துகொண்டிருந்தார். சந்தின் முனையில் அவர் பைக் நின்றது. ஒவ்வொரு கம்பமாக நின்று, அண்ணாந்து பார்த்து, பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டு வந்தார். அண்ணன் ஓடிப்போய், இவ்வளவு வெயிலில் அலைகிறாரே என்று உருகி, அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து காபி கொடுக்கச் சொன்னான். அவர் தன் போனை எடுத்து அந்த வரவேற்புப் பக்கத்தை அண்ணனிடமே காட்டி, "இது இன்னான்னு தெரியுதா?" என்று கேட்டார்.

அண்ணன் போனை வாங்கி நன்றாகப் பார்த்தான். "படம் நல்லா கீதுல்ல?" என்றான்.

காபி டம்ளரோடு வந்த அண்ணி இதைக் கேட்டாள். டம்ளரைக் கேபிள்காரர் முன்னால் வைத்தாள். அப்புறம் நேராக மாடிப்படிக்கு அடியில் வந்து என்னைக் கேட்டாள்: "எந்த ஒயரப் புடுங்கினா இது நிக்கும்?"

காட்டினேன். பிடுங்கினாள். தெருவில் எங்கேயோ ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது கேட்டது. அண்ணி திரும்பிப் போய், "எங்க வூட்டுப் பொண்ணு ஒயர மாத்தி சொருகிடிச்சிங்க. இப்ப சரியாயிடிச்சி. கோச்சிக்காதீங்க," என்றாள். அவ்வளவுதான். அவ்வளவு நேரம் நாங்கள் இரண்டு பேரும் எப்படி மறைப்பது என்று யோசித்ததை அவள் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

கேபிள்காரர் கோபப்படவில்லை என்று சொல்லமுடியாது. காபியைக் குடித்து முடிக்கும்வரை கோபப்பட்டார். அப்புறம் என்னிடம் வந்து, எந்தக் கார்டு, என்ன சிப் என்று விசாரித்தார். சொன்னேன். "அசலா?" என்று கேட்டார். பச்சையைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, தாமரையைத் தொட்டு, "இது கம்பெனிலேயே வருதா?" என்றார். ஆமாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

நான் ஒயர்களை மாற்றிச் சொருகி, ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதி ஒட்டினேன். வைஃபைக்கு ஒரு புதுப் பாஸ்வேர்டும் போட்டு அண்ணனிடம் சொன்னேன். லாட்ஜில் நெட் வந்தது. ஃபைபரைப் பிடுங்கிப் பார்த்தேன், தானாகக் கேபிளுக்கு மாறியது. திரும்பச் சொருகினேன், திரும்ப வந்தது. அண்ணன் முதுகை நிமிர்த்திக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆபீஸில் நான் விளக்கம் எழுதும் எதையும் நான் செய்ததில்லை. இதை நான் செய்தேன்.

அதற்குப் பிறகு ஒரு லீவில் லாட்ஜுக்குப் போயிருந்தேன். எல்லா ரூமும் நிரம்பியிருந்தது. காலையில் கீழே எல்லோரும் பொங்கலைத் தட்டில் வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், எதுவும் நிற்கவில்லை, யாரும் படியிறங்கி வந்து கத்தவில்லை. இது அண்ணனால் தாங்க முடியாததாக இருந்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று மேசை மேசையாகச் சட்னி வைத்துக்கொண்டே நடந்தான். கடைசியில், பொறுக்க முடியாமல், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் கேட்டே விட்டான்.

"நெட்டு எப்படி கீது தம்பி?"

பையன் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு, "சூப்பரா இருக்கு அங்கிள்," என்றான். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பையன் தொடர்ந்தான். "என் போன் டேட்டாதான் யூஸ் பண்றேன். உங்க வைஃபை பாஸ்வேர்டு யாரும் சொல்லலியே."

பக்கத்து மேசையில் இருந்த பெண்ணும் நிமிர்ந்து, "ஆமா சார், எங்களுக்கும் சொல்லல," என்றாள்.

அண்ணன் சட்னி வாளியை என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் போர்டு மாட்டியிருந்த இடத்துக்குப் போய், சாக்பீஸை எடுத்து, 'வெண்பொங்கல், வடை' என்பதற்குக் கீழே கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டை எழுத ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டான்:

"பாப்பா, இது பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?"